விடியற்காலையில் வண்டி மக்கர் செய்தால்: கடைக்காரர் தாமே பார்க்க வேண்டியவை

மளிகை வியாபாரத்தில் நேரம் தவறினால் சரக்கு தவறிய மாதிரிதான். அதிகாலை நான்கு மணிக்கு மார்க்கெட்டுக்குப் புறப்பட வேண்டிய வேன் ஆறு மணி வரை வாசலிலேயே முனகிக்கொண்டு நின்றால், அன்றைய கொள்முதல் விலை கைவிட்டுப் போகும். ஓட்டல்காரர் காய்கறியையும் மளிகையையும் வேறு கடையில் எடுத்துக்கொள்வார். ஒரு நாள் வேறு கடைக்குப் போன வாடிக்கையாளர் மறுநாள் திரும்பி வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மெக்கானிக்கோ ஒன்பது மணிக்கு முன் கடை திறக்க மாட்டார். எனவே, எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பகுதியையும் வயர் இணைப்புகளையும் ஒரு வியாபாரி எந்த அளவுக்குத் தானே பார்க்கலாம், எங்கே கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை எழுதுகிறேன். நான் மெக்கானிக் அல்ல; மொத்த வியாபாரி. நாற்பது வருடத்துக்கும் மேலாக அம்பாசடர், ஆம்னி, இப்போது ஈகோ என்று வண்டிகளோடு மல்லுக்கட்டி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரிக்கத் தெரிய வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்பி செல்ஃப் கொடுங்கள். லைட் மங்கி அணையப் போகிற மாதிரி ஆகி, செல்ஃப் சுற்றாமல் நின்றால் பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது பேட்டரி முனையில் இணைப்பு சரியில்லை. லைட் கொஞ்சமும் மங்காமல், செல்ஃபும் அசையாமல் இருந்தால் செல்ஃபுக்குக் கரண்டே போகவில்லை. சாவி ஸ்விட்ச், ரிலே, சோலினாய்டு அல்லது அவற்றுக்குப் போகும் வயர் என்று அர்த்தம். செல்ஃப் நன்றாகச் சுற்றி எஞ்சின் மட்டும் பிடிக்காமல் இருந்தால் பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. பெட்ரோல் வரவில்லை அல்லது தீப்பொறி வரவில்லை. இந்த மூன்றையும் பிரிக்காமல் போன் செய்து "வண்டி ஸ்டார்ட் ஆகலைப்பா" என்று மட்டும் சொன்னால், வருகிறவர் தனக்குத் தெரிந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். அவர் தேடுகிற நேரத்துக்கெல்லாம் கூலி நம் கணக்கில்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டீசல் எஞ்சினில் பிளக் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டிலேயே டீசல் எரிந்துவிடும். அதன் டைமிங் டீசல் செலுத்தும் பம்பிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கிறது. அதில் வீட்டில் கை வைக்கக் கூடாது. ஆனால் பேட்டரி, எர்த், கப்ளர் பற்றிக் கீழே வருவதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

டைமிங் என்றால் என்ன?

பெட்ரோலும் காற்றும் கலந்த புகையை பிஸ்டன் மேலே ஏறி அழுத்துகிறது. அது உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பிளக்கில் தீப்பொறி விழ வேண்டும். ஏன் முன்பே? கலவை முழுவதும் எரிந்து முடிய ஆயிரத்தில் சுமார் இரண்டு பங்கு விநாடி ஆகும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது அந்தச் சிறு நேரத்துக்குள் கிராங்க் 36 டிகிரி திரும்பிவிடும். எரிப்பின் வேகம் பிஸ்டன் இறங்கத் தொடங்கும் தருணத்தில் முழுதாகக் கிடைக்க வேண்டுமானால் முன்கூட்டியே பற்ற வைத்தாக வேண்டும். வேகம் கூடக்கூட இன்னும் முன்பே பற்ற வைக்க வேண்டும். பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பிரிங்கில் கட்டிய இரண்டு எடைக் குண்டுகள் இந்த வேலையைச் செய்தன. கார்புரேட்டரிலிருந்து வரும் ஒரு சிறு குழாயும் எஞ்சினின் உறிஞ்சு விசையைக் கொண்டு அதையே செய்தது.

தீப்பொறி தாமதமாக விழுந்தால் எஞ்சின் சூடாகும், மேட்டில் இழுக்காது, சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். மிகவும் முன்பே விழுந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது சில்லறைக் காசைக் குலுக்குவது போல 'நாக்கிங்' சத்தம் வரும். நாளடைவில் பிஸ்டனையே தின்றுவிடும். கைப்பிடி போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்த காலத்தில் இப்படிப்பட்ட வண்டி எதிர்த்து உதைத்துக் கட்டை விரலை முறித்துவிடும். அதனால்தான் பழைய டிரைவர்கள் கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக் கைப்பிடியைப் பிடிப்பார்கள்.

பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும் என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். அது குடும்பத்தையே பாதிக்கும். 1990-களில் எங்கள் வீதியில் பருப்பு வியாபாரம் செய்த ஒரு அண்ணாச்சியிடம் அம்பாசடர் இருந்தது. லிட்டருக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர் கொடுத்த வண்டி ஆறு, ஏழுக்கு இறங்கிவிட்டது. அவர் கணக்கு நோட்டைப் பார்த்தார். பன்னிரண்டு வருடம் வேலை செய்த டிரைவர் பெட்ரோலை விற்கிறார் என்று முடிவு கட்டினார். டிரைவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சாவியைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போய்விட்டார். புது டிரைவர் வந்தார். பெட்ரோல் செலவு குறையவில்லை. "அண்ணாச்சி, ரெண்டு பேருமா திருடுவாங்க? வண்டியப் பாருங்க" என்று நானும் சொன்னேன். பார்த்தபோது டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி பாதிக்கும் கீழே தேய்ந்துபோயிருந்தது. மேலே சொன்ன உறிஞ்சு குழாய் ரப்பர் வெடித்துக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து டைமிங்கைப் பின்னால் தள்ளியிருந்தன. பாயிண்ட், ஒரு முழம் ரப்பர் குழாய், அரை மணி நேர வேலை, அவ்வளவுதான். மறுநாள் அண்ணாச்சி வெற்றிலை பாக்கு, பழத்தோடு அந்த டிரைவர் வீட்டுக்குப் போனார். அவர் திரும்பி வர ஒரு மாதம் ஆயிற்று.

பழைய வண்டி வைத்திருப்போர் கவனத்துக்கு

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது. ஆம்னி 2019-இல் நின்றது. இருந்தாலும் பழைய வண்டியை ஆசையோடு வைத்திருப்போர் நம்மில் உண்டு. அவர்களுக்காக இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

டைமிங்கைத் தொடுமுன் பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். டைமிங் பின்னால் போகும். இடைவெளி கூடினால் முன்னால் வரும். ஆக, டைமிங்கை முதலில் வைத்துவிட்டுப் பிறகு பாயிண்டைத் தொட்டால் செய்த வேலை வீண். அம்பாசடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கு இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு. ஃபீலர் கேஜில் 15 என்று எழுதிய தகடு லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். பாயிண்ட் கருகியிருந்தால் கண்டென்சரையும் சந்தேகப்படுங்கள். கண்டென்சர் கெட்டால் புதுப் பாயிண்டும் சீக்கிரமே கருகும்.

அடுத்து டைமிங். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி ஓட்டையை விரலால் மூடி எஞ்சினைக் கையால் சுற்றினால், காற்று விரலைத் தள்ளும்போது அந்த சிலிண்டர் அழுத்தத்தில் இருக்கிறது என்று பொருள். கிராங்க் புல்லியில் உள்ள வெட்டுக்குறியை எஞ்சினில் உள்ள முள்ளுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துங்கள். எத்தனை டிகிரி என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ளதே கணக்கு. பிறகு 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் கட்டி, ஒன்றை காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் முனையிலும், மற்றதை எஞ்சின் இரும்பிலும் மாட்டிச் சாவியைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது பல்பு எரியாது. திறந்த நொடியில் எரியும். டிஸ்ட்ரிபியூட்டரின் அடிப் போல்ட்டைத் தளர்த்தி, ரோட்டார் சுற்றும் திசையில் கொஞ்சம் திருப்பினால் பல்பு அணையும். பிறகு எதிர்த் திசையில் மெல்லத் திருப்பி, பல்பு பளிச்சென்று எரியும் இடத்தில் நிறுத்தி இறுக்க வேண்டும். ரோட்டார் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முன்னால் வரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அம்பாசடரில் ரோட்டார் இடமாகச் சுற்றும். வேலை முடிந்ததும் சாவியை அணையுங்கள். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டபடி நெடுநேரம் இருந்தால் காயில் சூடேறிக் கெட்டுவிடும்.

பிளக் வயர்களைக் கழற்றும்போது ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி ஒட்டிவிடுங்கள். அம்பாசடரில் எரியும் வரிசை 1-3-4-2. மூன்று சிலிண்டர் மாருதியில் 1-3-2. வயரை மாற்றி மாட்டிவிட்டு டைமிங் போய்விட்டது என்று புலம்பியவர்கள் ஏராளம்.

மழைக்காலத்தில் வண்டி பிடிக்காவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து மாட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே வேலை முடிந்துவிடும். கேப்பின் உள்ளே பென்சிலால் கோடு கிழித்த மாதிரி கறுப்புக் கோடு தெரிந்தால், கரண்ட் அந்த வழியாகக் கசிகிறது. துடைத்துப் பயனில்லை, கேப்பை மாற்ற வேண்டும். இரவில் எஞ்சின் ஓடும்போது லைட்டை அணைத்துவிட்டுப் பார்த்தால் வயர் கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். கை வைக்காமல் பாருங்கள். அது பல ஆயிரம் வோல்ட் கரண்ட். இதய நோய் உள்ளவர்கள் கிட்டவே போகக் கூடாது.

இப்போதைய வண்டியில் திருப்புவதற்கு எதுவும் இல்லை

இன்றைய பெட்ரோல் வேன்களில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. கிராங்க் எங்கே நிற்கிறது என்பதை ஒரு சென்சார் சொல்கிறது. எப்போது பொறி விழ வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் பெட்டி முடிவு செய்கிறது. பிளக்கைக் கழற்றி எஞ்சினில் வைத்துப் பொறி பார்க்கும் பழைய பழக்கம் இங்கே ஆபத்து, பெட்டியே கெட்டுவிடும். ஆனால் கோளாறு இல்லாமல் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு பாயிண்டில் இருந்த வில்லங்கம் இப்போது கனெக்டரில் இருக்கிறது. நம் ஊர் மெக்கானிக்குகள் கப்ளர் என்கிறார்களே, அதுதான்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஓட்டைகள் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் மாட்டிச் செல்போனில் பார்க்கும் சிறு கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. பி 0335 என்று காட்டினால் கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. பி 0340 கேம் சென்சார் சர்க்யூட். பி 0300 என்றால் சிலிண்டர்கள் விட்டுவிட்டு எரிகின்றன. இங்கே 'சர்க்யூட்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சென்சார் கெட்டது என்று கருவி சொல்லவில்லை. சென்சார், அதன் வயர், கப்ளர் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று என்றுதான் சொல்கிறது. புதுச் சென்சார் வாங்குமுன் கப்ளரைக் கழற்றிப் பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பூட்டு நாக்கை அமுக்கி, கப்ளரின் உடலைப் பிடித்து இழுக்க வேண்டும். உள்ளே பச்சைக் களிம்போ வெள்ளைப் பொடியோ இருக்கிறதா? ஏதாவது ஒரு பின் மற்றவற்றை விடப் பின்வாங்கி நிற்கிறதா? பெண் பின் வாய் அகன்று லூசாக இருக்கிறதா? ரப்பர் சீல் கிழிந்திருக்கிறதா? இவற்றைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு கப்ளரையும் மெல்ல அசைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. அசைத்ததும் எஞ்சின் தடுமாறினால் திருடன் அகப்பட்டான். சுழலும் பெல்ட், ஃபேன் பக்கம் சட்டைக் கை போகாமல் இருக்கட்டும். சுத்தம் செய்ய எலெக்ட்ரிக் காண்டாக்ட் கிளீனர் அடித்து உலரவிட்டாலே போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பின்னின் மேல்பூச்சு போய் மறுபடி சீக்கிரம் களிம்பேறும். மஞ்சள் நிறக் கப்ளர் பெரும்பாலும் ஏர்பேக் சம்பந்தப்பட்டது, தொடாதீர்கள். பேட்டரியில் ஓடும் வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள் உயர் வோல்ட். அதுவும் நமக்கு வேண்டாம்.

மளிகைக்காரர் வண்டிக்கென்று தனி நோய்

மற்றவர் வண்டிக்கு இல்லாத இரண்டு பகைவர்கள் நம் வண்டிக்கு உண்டு: உப்பும் எலியும்.

கல்லுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் உப்பு மூட்டை கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உப்பு நீர் வேனின் தரையில் இறங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் போகும் வயர்க் கட்டிலும் எர்த் போல்ட்டிலும் தங்குகிறது. ஆம்னியிலும் ஈகோவிலும் எஞ்சினே முன்சீட்டுக்கு அடியில் என்பதால் இன்னும் கிட்டத்தில். வெறும் தண்ணீரை விட உப்பு நீரில் கரண்ட் நன்றாக ஓடும். பக்கத்துப் பக்கத்துப் பின்களுக்கு நடுவே அது நின்றால், பாசிட்டிவ் பின் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். வெல்லச் சிப்பமும் ஈரம் இழுப்பதில் சளைத்ததல்ல.

எங்கள் வேனிலும் இது நடந்தது. காலையில் செல்ஃப் 'கடகட' என்றது. ஒரு பட்டறையில் பேட்டரி போய்விட்டது என்று புதிது போட்டார்கள். இருபது நாளில் மறுபடி அதே கதை. இப்போது ஆல்டர்னேட்டர் என்றார்கள். "அளந்து காட்டுங்கள், பிறகு கழற்றுங்கள்" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு, சாலையோரம் கடை போட்டிருக்கும் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனேன். மல்டிமீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈய முனையிலும், மற்றதை எஞ்சினின் வெற்று இரும்பிலும் வைத்து செல்ஃப் கொடுக்கச் சொன்னார். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த் கேபிள் வண்டியின் உடம்பில் சேரும் போல்ட் உப்பில் அரித்து, உள்ளே பொடியாக இருந்தது. போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளபளக்கத் தேய்த்துப் புதுக் கேபிள் போட்டார். ஆல்டர்னேட்டர் இன்றும் பழையதுதான். இந்த அளவை ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ளலாம். மல்டிமீட்டர் ஒன்றும் பெரிய விலை இல்லை. வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி பலவீனம். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும்.

பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளைப் பூஞ்சைக்கு நம் கடையில் விற்கும் சமையல் சோடாவே மருந்து. தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்து அமிலம் அடங்கும். பேட்டரி மூடிக்குள் மட்டும் போகக் கூடாது. கழுவித் துடைத்து, இறுக்கி மாட்டிய பிறகு மேலே வாஸலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பேட்டரி அருகே பீடி, தீக்குச்சி ஆகாது. அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், வெடிக்கும்.

இனி எலி. சிந்திய பருப்பும் அரிசியும் வண்டிக்குள் கிடந்தால் எலிக்கு அது சத்திரம். சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்காது, வயரைக் கடிக்கும். மருந்து, வாசனை உருண்டை என்று பலரும் பல வித்தை சொல்கிறார்கள். என் அனுபவத்தில் இரவு இறக்கியதும் வேனைப் பெருக்கி எடுப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. உப்பு ஏற்றும் நாளில் அடியில் கனத்த தார்ப்பாய் விரித்து, விளிம்பை மடக்கிவிடுங்கள்.

கடித்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது இரண்டு நாளுக்குத்தான் வரும். சூட்டில் பசை இளகி டேப் கழன்றுவிடும். சரியான கிரிம்ப் இணைப்பு போட்டு, சூடு காட்டினால் சுருங்கும் குழாயை மேலே ஏற்ற வேண்டும். வயருக்குள் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க ஊசியால் தோலைக் குத்துகிறார்கள் சிலர். அந்தச் சிறு துளை வழியே நீர் புகுந்து ஆறு மாதத்தில் உள்ளே செம்பு பச்சையாகிவிடும். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான். சிகரெட் டப்பா வெள்ளிக் காகிதத்தைச் சுற்றி மாட்டும் வேலையை நம் பையன்கள் செய்தால் அன்றே கண்டியுங்கள். எண்ணெய் டின்னும் அட்டைப் பெட்டியும் ஏற்றிய வண்டியில் வயர் பற்றினால் சரக்கோடு போகும், டிரைவர் நிலைமையும் கேள்விக்குறி. கேஸ் கிட் போட்ட வேன்களில் கிட்டுக்காக ஒட்டுப்போட்ட வயர் இணைப்புகள்தான் முதலில் லூசாகும். அங்கிருந்தே தேடத் தொடங்கலாம். வீட்டு சிலிண்டரை வண்டியில் மாட்டுவது பற்றி நான் பேசவே விரும்பவில்லை. அது சட்டப்படி குற்றம்.

உத்தரவாதக் காலம் முடியாத வண்டியில் எந்த வயரையும் வெட்ட வேண்டாம். கப்ளரைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு கம்பெனி பட்டறைக்கு அனுப்புங்கள். மற்ற பட்டறைகளுக்கு அனுப்பும்போது துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்: செல்ஃப் சுற்றியதா, லைட் மங்கியதா, பேட்டரியில் எத்தனை வோல்ட், கருவியில் என்ன எண் காட்டியது, மழையிலா வெயிலிலா. மாற்றிய பழைய பொருளைக் கட்டாயம் கேட்டு வாங்கி, பில்லோடு சேர்த்துக் கடையில் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த முறை அதே பொருள் போய்விட்டது என்று சொல்லும்போது அந்த டப்பாவைத் திறந்து காட்டலாம்.